எழுதாததற்குக் குறியீடு கிடையாது

1

என் மகள் அரசிக்கு டெல்லியில் மூளை பிசகிவிட்டதாகத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு பேச்சு ஓடுகிறது. ஒரு கல்யாணப் பந்தியில் கிளம்பிய பேச்சு, பாயசம் வருவதற்குள் சங்கரன்கோவில் வரை போய்விட்டதாம். இப்போது ஆள் மாற்றி ஆள் போன் செய்து, சாவு வீட்டில் துட்டி கேட்கிற குரலில் விசாரிக்கிறார்கள்.

"ஏட்டி பாக்கியம், பிள்ளைய மூளை டாக்டர்ட்ட காட்டுதீகளாமே, நெசமா? ஒரு எட்டு ஊருக்குக் கூட்டிட்டு வந்து மந்திரிச்சுப் பாக்கக் கூடாதா?"

நெசம்தான். மனநல மருத்துவரிடம் காட்டினோம். இன்னும் காட்டிக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம், அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். படித்தவர்கள் படிக்காதவர்களுக்கும் சொல்லுங்கள். அந்தப் பேச்சைப் பரப்பியதுபோல இதையும் பரப்புங்கள். அரசியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். எழுதிக்கொள் என்று சொன்னவள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். அவளைப் பற்றி எந்த இடத்திலும் "பாவம்" என்று எழுதக் கூடாதாம். எனக்கும் அப்படி எழுத உத்தேசம் இல்லை.

2

என் வேலை என்னவென்று ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. "ஆஸ்பத்திரியில இருக்கா" என்பார்கள். நர்ஸ் என்று நினைத்து என்னிடம் மருந்து கேட்பவர்களும் உண்டு. நான் ஒரு பெரிய அரசு மருத்துவமனையில் பதிவேட்டுப் பிரிவில் இருக்கிறேன். நோயாளி வீட்டுக்குப் போனதும் அவருடைய தாள்கள் எங்களிடம் வரும். டாக்டர் எழுதியிருக்கும் நோயின் பெயருக்கு உலகம் முழுக்கப் பொதுவான ஓர் எழுத்தும் சில எண்களும் உண்டு. அதைப் பார்த்துப் போட வேண்டும். மூட்டு வலிக்கு ஒன்று, மலேரியாவுக்கு ஒன்று, மாடியிலிருந்து விழுந்தால் ஒன்று. இதற்குப் பெயர் கோடிங். கேட்க எளிதாக இருக்கும். டாக்டர்களின் கையெழுத்தைப் பார்த்தவர்கள் எளிது என்று சொல்ல மாட்டார்கள்.

இந்த வேலையில் சேர்ந்த அன்று சொல்லிக்கொடுத்த சட்டம் ஒன்றுதான். தாளில் எழுதியிருப்பதற்குத்தான் குறியீடு, எழுதாததற்குக் கிடையாது. நோயாளிக்குச் சர்க்கரை இருப்பது அவர் சாப்பிடும் மாத்திரையிலிருந்தே தெரிந்தாலும், டாக்டர் சர்க்கரை என்று எழுதாவிட்டால் நான் போட முடியாது. தாளைத் திருப்பி அனுப்பிக் கேட்க வேண்டும். நான் கேட்பேன். கேட்டுக் கேட்டே எங்கள் கட்டடத்தில் என் பேர் கொஞ்சம் கெட்டுப்போய்த்தான் இருக்கிறது.

எனக்குப் பிடிக்காத ஒன்று, நோயின் பெயருக்கு முன்னால் டாக்டர்கள் போடும் கேள்விக்குறி. சந்தேகம்தான், உறுதி இல்லை என்று அதற்குப் பொருள். ஆனால் எங்கள் கம்ப்யூட்டரில் அந்தக் கேள்விக்குறிக்கு இடமில்லை. நான் அப்படியே ஏற்றினால் சந்தேகம் காணாமல் போய் நோய் மட்டும் நிற்கும். பிறகு அந்த ஆள் எங்கே போனாலும் அந்த நோயும் கூடவே போகும். அதனால் கேள்விக்குறியோடு வரும் தாள் எதையும் நான் சும்மா விடுவதில்லை.

என் வீட்டுக்காரர் சுப்பையா மத்திய அரசு அலுவலகத்தில் கிளார்க்காகச் சேர்ந்து செக்‌ஷன் ஆபீசர் ஆனவர். லோதி ரோட்டில் அலுவலகம், மோதி பாக்கில் குவார்ட்டர்ஸ். கல்யாணம் முடிந்து நான் முதலில் வந்து இறங்கியதும் இதே குவார்ட்டர்ஸில்தான். வந்த முதல் குளிர்காலத்தில் நான் என்ன செய்தேன் என்பதை இதுவரை ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். அவரோடு பல நாள் பேசவில்லை. கீழ்வீட்டு அம்மாள் நான் காயப்போட்ட துணியைப் பற்றி ஏதோ ஹிந்தியில் சொன்னதற்கு, புரியாமலே பதிலுக்குக் கத்தினேன். ஒரு காலையில் அவருடைய டிபன் கேரியரை, கட்டிய சோறோடு, பால்கனியிலிருந்து வீசினேன். அது போய் விழுந்த இடத்தில் ஒரு ஸ்கூட்டர் நின்றது.

அதற்கு யாரும் நோய்ப்பெயர் வைக்கவில்லை. புதுப்பெண், ஊர் ஏக்கம், போகப் போகச் சரியாகிவிடும் என்றார்கள். சரியாகவும் ஆயிற்று. ஸ்கூட்டர்காரர் இன்றைக்கும் என்னைக் கண்டால் ஒதுங்கித்தான் போகிறார்.

3

டெல்லித் தமிழர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நாலு பேர் நடுவில் நின்றுகொண்டு அந்த நாலு பேரைப் பற்றியே தமிழில் பேசுவோம். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரின் சட்டையைப் பற்றி, அலுவலகத்தில் எதிரே உட்கார்ந்திருக்கும் அதிகாரியைப் பற்றி, காய்கறி விற்கும் பையா முன்னாலேயே அவருடைய தராசைப் பற்றி. முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டு பேசுவோம். சாணக்யபுரியில் தமிழ்நாட்டு விருந்தினர் இல்லத்துக்குத் தோசை சாப்பிடப் போகும்போது மட்டும் வாயை அடக்கிக்கொள்வோம். அங்கே எல்லோருக்கும் புரியும்.

இந்தப் பழக்கம் எங்கள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அரசி பிறந்து வளர்ந்தது இங்கே. நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஹிந்தியில் பதில் சொல்வாள். "சாப்பிட வாட்டி" என்றால் "ஆ ரஹீ ஹூன்" என்பாள், வருகிறேன் என்று. ஊருக்குப் போனால் சொந்தக்காரர்கள் அவளைப் பேசச் சொல்லிச் சிரிப்பார்கள். அதனால் அவள் அங்கே வாயையே திறப்பதில்லை. சாப்பிடு, படு என்பதைத் தாண்டிப் பிள்ளைக்குத் தமிழ் விளங்காது என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். அவளுக்குத் தெரியக் கூடாத பேச்சென்றால் நாங்கள் வேறு அறைக்குப் போவதில்லை. பேச்சைச் சுத்தமான திருநெல்வேலித் தமிழுக்கு மாற்றி வேகத்தைக் கூட்டிவிடுவோம். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஊசி போடப் போவதையும் பிறந்தநாளுக்கு வாங்கிய சைக்கிளையும் அப்படித்தான் மறைத்தோம். அப்போது அது பலித்தது. எப்போது பலிக்காமல் போனது என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது.

போன கோடை விடுமுறையில் அரசி பெரிய மனுஷியானாள். ஊரில் வைத்துச் சடங்கு சுற்றினோம். பட்டுப்பாவாடை, தாய்மாமன் சீர், ஆளுயரத்துக்கு அவள் படம் போட்ட பேனர். அந்தப் பேனரை அவள் எப்படிப் பார்த்தாள் என்பது எனக்கு மறக்காது. அது முடிந்த கையோடு என் மதினி சண்பகம் ஒரு யோசனையைத் தொடங்கினார். மதினி என் வீட்டுக்காரரின் அக்கா. பாளையங்கோட்டையில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். தம்பி குடும்பத்தின் மேல் உண்மையான பாசம் உள்ளவர். அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. அந்தப் பாசத்தைத் தடுத்து நிறுத்தவும் யாராலும் முடியாது.

தினமும் நாங்கள் சாப்பிட உட்காரும் நேரத்தில்தான் மதினியின் போன் வரும். என் வீட்டுக்காரர் போனைச் சாப்பாட்டு மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போடுவார். மதினியின் குரல் ரசத்துக்கும் அப்பளத்துக்கும் நடுவிலிருந்து வரும்.

"சுப்பையா, வயசுக்கு வந்த பிள்ளைய டெல்லியில வச்சுக்கிட்டு என்ன செய்யப் போற? அந்த ஊரு நமக்கு ஆவுமா? இங்கன கொண்டு விட்டுரு. நல்ல ஹாஸ்டலு இருக்கு. எனக்குத் தெரிஞ்ச சிஸ்டர்தான் பாக்காக. பங்குனி முடிஞ்சு பரிச்சை எழுதுனதும் சேத்துருவோம்."

"சரிக்கா, பாப்போம்."

"பாப்போம்னா? பாக்கியம், நீ என்ன சொல்லுத?"

நானும் பாப்போம் மதினி என்பேன். எனக்குப் பாதி மனதுதான். ஆனால் டெல்லிச் செய்திகளைப் பார்த்துவிட்டு ராத்திரி தூக்கம் வராத தாய் நான். எதிரே அரசி தயிர்ச்சோற்றைக் கிளறிக்கொண்டிருப்பாள். காதில் இயர்போன் இருக்கும். அதில் பாட்டு ஓடியதா என்று நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

4

பள்ளி திறந்து கொஞ்ச நாளில் புகார் வரத் தொடங்கியது. முதலில் வீட்டுப்பாடம் செய்யவில்லை, அப்புறம் வகுப்பிலேயே இல்லை. ஸ்டீல் தண்ணீர் பாட்டிலை வீசிப் பள்ளிப் பஸ்ஸின் கண்ணாடியை உடைத்தாள். கேட்டதற்கு, கை தவறியது என்று கண்ணை நேராகப் பார்த்துப் பொய் சொன்னாள். வீட்டில் கதவுகள் எல்லாம் அடி வாங்கின. என் வீட்டுக்காரர் அதட்டினால் இவள் அதைவிட உரக்கக் கத்துவாள். எதிர் பிளாக்கில் இருக்கும் சிம்ரன் இவளுடைய உயிர்த் தோழி. அவளோடும் பேச்சை நிறுத்திவிட்டாள். ஒரு மத்தியானம் பள்ளியிலிருந்து காணாமல் போய், நான் தேடி அலைந்து, கடைசியில் எங்கள் காலனிப் பூங்காவின் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தவளைப் பிடித்தேன். ஏன்டி என்று கேட்டால், "ஐசே ஹீ" என்றாள். சும்மாதான் என்று அர்த்தம்.

பிறகு படிக்கட்டில் ஒரு பெண்ணைத் தள்ளிவிட்டாள். அந்தப் பிள்ளைக்கு மணிக்கட்டு பிசகிவிட்டது. இது தப்பு. இதற்கு நான் சப்பைக்கட்டு கட்ட மாட்டேன்.

பள்ளி என்னை அழைத்தது. எந்தப் பள்ளி என்று சொல்லப்போவதில்லை. அங்கே பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லும் ஓர் இளம்பெண் என்னிடம் ஒரு தாளை நீட்டினார். மனநல மருத்துவரின் அறிக்கை இல்லாமல் பிள்ளை வகுப்புக்கு வரக் கூடாது என்று அதில் இருந்தது. கீழே அவர் கைப்பட ஒரு வரி: கேள்விக்குறி, பக்கத்தில் "கண்டக்ட் டிஸார்டர்".

வேறொரு தாயாக இருந்தால் அந்த ஆங்கிலத்தைப் பார்த்து அழுதிருப்பாள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஏனென்றால் அந்த வார்த்தையின் குறியீடு எனக்குத் தலைகீழாகத் தெரியும். எஃப் தொண்ணூற்றொன்று. நீண்ட காலமாக, திரும்பத் திரும்ப, அடுத்தவரை அடிப்பது, திருடுவது, பிராணிகளை வதைப்பது என்று ஒரு பிள்ளையின் நடத்தையே அப்படி நிலைத்துப்போயிருந்தால் ஆராய்ந்து பார்த்து டாக்டர் எழுத வேண்டிய பெயர் அது. அப்படிப்பட்ட பிள்ளைக்கும் வைத்தியம் உண்டு, அதுவும் யாரும் விரட்ட வேண்டிய பிள்ளை அல்ல. ஆனால் பள்ளி ஃபைலில் அந்தப் பெயர் ஏறிவிட்டால் இவர்கள் அரசியை வெளியே அனுப்புவார்கள். அடுத்த பள்ளி அவள் முகத்தைப் பார்க்கும் முன்னால் ஃபைலைப் பார்க்கும். கேள்விக்குறி வழியில் எங்கேயாவது உதிர்ந்துவிடும். அது எப்படி உதிரும் என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு குறியீடும் இருக்கிறது. எஃப் நாற்பத்து மூன்று, புள்ளி இரண்டு. ஆங்கிலத்தில் அட்ஜஸ்ட்மென்ட் டிஸார்டர். வாழ்க்கையில் ஏதோ ஒன்று நடந்து, மனம் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறுவது. பெரியவர்கள் அழுவார்கள், தூங்க மாட்டார்கள். பிள்ளைகள் பல நேரம் அழுவதில்லை; உடைப்பார்கள், பொய் சொல்வார்கள், பள்ளிக்கு மட்டம் போடுவார்கள். அப்படி நடத்தையில் வெளிப்பட்டால் அதற்கென்று தனியாக ஒரு கிளை எண், நடத்தையும் துக்கமும் கலந்திருந்தால் அடுத்த எண். நடந்த விஷயத்துக்கும் திணறலுக்கும் நடுவில் அதிக இடைவெளி இருக்காது. விஷயம் தீர்ந்தால் பெரும்பாலும் சில மாதத்தில் திணறலும் தீரும்.

ஆனால் இந்தக் குறியீட்டுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. என்ன நடந்தது என்று எழுத வேண்டும். நோயாளியின் நடத்தை எப்படி இருந்தாலும், காரணமான விஷயம் தாளில் இல்லாவிட்டால் அது எஃப் நாற்பத்து மூன்று ஆகாது.

நோயைக் கண்டுபிடிப்பது என் வேலையல்ல. இருந்தாலும் அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் யோசித்துக்கொண்டே வந்தேன். எங்கள் வீட்டில் என்ன நடந்தது? சாவு இல்லை, சண்டை இல்லை, மாற்றல் இல்லை. ஒன்றும் நடக்கவில்லையே என்றுதான் எனக்குப் பட்டது.

5

என் மருத்துவமனையில் காட்டினால் மகளின் தாள் நான் வேலை செய்யும் அறைக்கே வரும். அது சரியல்ல என்று வேறொரு அரசு மருத்துவமனைக்குப் போனோம். டாக்டர் ஒரு பஞ்சாபி அம்மாள். அவசரப்படாதவர். அரசியைத் தனியாக வைத்துப் பேசிப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். அடுத்த முறையும் அதே சுவர். அதற்கடுத்த முறை எங்கள் மூன்று பேரையும் சேர்த்து உட்காரவைத்தார்.

"வீட்டில் ஏதாவது மாறியிருக்கிறதா? ஏதாவது மாறப் போகிறதா?" என்று ஹிந்தியில் கேட்டார்.

"குச் நஹீ, மேடம்" என்றார் என் வீட்டுக்காரர். ஒன்றுமே இல்லையாம்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கப் போனேன். அப்போதுதான் என் வீட்டுக்காரர், முகத்தில் மரியாதைச் சிரிப்பை வைத்துக்கொண்டே, பஸ்ஸில் பேசுவதுபோல என்னிடம் வேகமாகச் சொன்னார்:

"ஊருக்கு அனுப்புத விஷயத்தை இங்க எடுக்காத. டாக்டரம்மா இவகிட்ட கேட்டுருவாக. இவளுக்கு இன்னும் ஒண்ணும் தெரியாதுல்லா."

அரசி அவர் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு எல்லாந் தெரியும்."

தமிழ். அதுவும் எங்கள் இரண்டு பேருடைய தமிழ்கூட இல்லை. அப்படியே மதினியின் தமிழ், அந்த இழுப்போடு. ஸ்பீக்கரில் கேட்டுக் கேட்டு வந்தது.

"பங்குனி முடிஞ்சு பரிச்சை எழுதுனதும் கொண்டு விட்டுருவீக. ஹாஸ்டலு அத்தை பாத்தாச்சு. சிஸ்டர்ட்ட சொல்லியாச்சு. பிள்ளைக்கு முன்கூட்டிச் சொன்னா அடம் பிடிப்பா, ரயில்ல ஏறுனப்புறம் சொல்லிக்கிடலாம்னு அத்தை சொன்னாக. நீங்க சரின்னீக. அம்மா பாப்போம்னா. தெனமும் பாப்போம்னா."

"ஏட்டி, அது சும்மா ஒரு பேச்சு..." என்றார் அவர்.

"தெனமும் சோத்த வச்சுக்கிட்டுப் பேசுனீக. நான் முன்னாலதான இருந்தேன்? எப்படியும் போகப் போறேன், அப்புறம் எதுக்குப் படிக்கணும்? எதுக்கு சிம்ரன்கூடப் பேசணும்?" அவளுக்கு மூச்சு வாங்கியது. "நீங்க ஊர விட்டு வந்தீகளே, ஒங்கள யாராவது கேக்காம ரயில்ல ஏத்துனாகளா? ஒங்களுக்கு அது ஊரு. எனக்கு இதான் ஊரு."

அதற்குப் பிறகுதான் அழுதாள். நான் அவளைத் தொடப் போனேன், கையைத் தட்டிவிட்டாள்.

டாக்டருக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "க்யா கஹா இஸ்னே?" என்றார். இவள் என்ன சொன்னாள்?

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நல்ல மனிதர்தான், மகள் என்றால் உருகுகிறவர். ஆனால் குடும்ப விஷயத்தை வெளியாள் முன்னால் போட்டு உடைப்பதை அவரால் தாங்க முடியாது. "கோவத்துல ஏதோ பேசுதான்னு சொல்லிரு, பாக்கியம்" என்றார். மறுபடியும் தமிழில். மறுபடியும் அவள் முன்னாலேயே!

எனக்கு அந்த இடத்தில் கோபம் தலைக்கு மேல் ஏறிவிட்டது. ஊரிலிருந்து டெல்லிக்கு வந்து இத்தனை காலமாக நான் தாள்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். எழுதுங்கள், எழுதினால்தான் போடுவேன் என்று பெரிய பெரிய டாக்டர்களிடம் மல்லுக்கு நிற்கிறேன். என் பிள்ளையின் தாளில் மட்டும் காரணத்தை மறைத்துவிட்டுக் குறியீடு சரியாக வர வேண்டுமா? காரணம் இல்லை என்றால் மிச்சம் என்ன நிற்கும்? கண்ணாடியை உடைத்தாள், பொய் சொன்னாள், பிள்ளையைத் தள்ளிவிட்டாள். எல்லாவற்றையும் அவள் தலையிலேயே கட்டிவிட்டு நாங்கள் இரண்டு பேரும் எதுவும் தெரியாதவர்களாக வெளியே வருவதா?

"சொல்லத்தான் போறேன்" என்றேன் அவரிடம். டாக்டர் பக்கம் திரும்பி ஹிந்தியில் தொடங்கினேன். என் ஹிந்தியில் ஆணும் பெண்ணும் இன்றைக்கும் இடம் மாறித்தான் வருவார்கள். வரட்டும். அவள் சொன்னதை ஒரு வரி விடாமல் சொன்னேன். ஹாஸ்டல், பங்குனி, ரயிலில் ஏறிய பிறகு சொல்லலாம் என்றது. "அம்மா தினமும் பார்ப்போம் என்றாள்" என்பதையும் சொன்னேன். அந்த அம்மா நான்தான் என்று விரலால் காட்டியும் சொன்னேன். அரசி அழுகையை நிறுத்திவிட்டு, நான் எதையாவது விடுகிறேனா என்று கவனித்துக்கொண்டிருந்தாள். சிம்ரனை விட்டுவிட்டேன். "சிம்ரன் வாலீ பாத் பீ" என்று, சிம்ரன் விஷயத்தையும் சொல்லச் சொல்லி எடுத்துக் கொடுத்தாள். அதையும் சொன்னேன்.

டாக்டர் எழுதினார். எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னேன். சிரித்துக்கொண்டே படித்தார். பெற்றோர் தன்னைக் கேட்காமல் தொலைதூரத்துக்கு அனுப்பத் திட்டமிடுவதை மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்த சிறுமி. அந்தப் பேச்சுத் தொடங்கிய கொஞ்ச காலத்திலேயே நடத்தையில் மாற்றம். அதற்கு முன் இப்படி எதுவும் இல்லை. சூழலுக்கு ஈடுகொடுக்க முடியாத மன அழுத்தம், நடத்தையிலும் உணர்ச்சியிலும் கலந்து வெளிப்படுவது. எஃப் நாற்பத்து மூன்று, புள்ளி இரண்டு ஐந்து. முன்னால் கேள்விக்குறி இல்லை.

மாத்திரை வேண்டாம் என்றார். அரசி அவரிடம் வாரா வாரம் வந்து பேச வேண்டும். தள்ளிவிட்ட பிள்ளையிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். அரசி தலையாட்டினாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "காரணம் இன்னும் தீரவில்லை. அதை நான் தீர்க்க முடியாது. நீங்கள் இவளிடம் சொல்ல வேண்டும்" என்றார்.

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு, "எங்கயும் போக வேண்டாம்ட்டி. அப்பா சொல்லுதேன்" என்றார்.

"பக்கா?" என்றாள்.

"பக்கா."

6

பள்ளிக்கு நான் தனியாகத்தான் போனேன். டாக்டரின் கடிதத்தைக் கொடுத்தேன். பிள்ளை வகுப்புக்கு வரலாம், பள்ளி என்னென்ன உதவி செய்ய வேண்டும் என்று அதில் இருந்தது. ஆலோசனை சொல்லும் அந்தப் பெண் புரட்டிப் பார்த்துவிட்டு, "டயக்னோஸிஸ் கோட் இல்லையே, மேடம்? ஃபைலுக்கு வேண்டும்" என்றார்.

"கோட் டாக்டருக்கும் எங்களுக்கும். உங்களுக்கு வேண்டியது இந்தக் கடிதம்" என்றேன். "அப்புறம், நீங்கள் கேள்விக்குறி போட்டு எழுதினீர்களே, அந்தத் தாளை எடுத்து அதன் மேலேயே, மருத்துவர் பரிசோதித்தார், இது இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நான் இருக்கும்போதே போடுங்கள்."

"அது ஒரு சந்தேகம்தானே, மேடம்..."

"சந்தேகத்தை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். என் வேலையே அதுதான்."

முதல்வரைக் கேட்க வேண்டும் என்றார். கேளுங்கள், உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். மதியச் சாப்பாட்டு மணி அடித்தது, ஓய்ந்தது, நான் எழுந்திருக்கவில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் எழுந்தேன். மணிக்கட்டு பிசகிய பிள்ளையின் வீட்டுக்கு அன்று மாலையே அரசியைக் கூட்டிப்போனேன். அந்தத் தாய் எங்களை வாசலிலேயே நிறுத்திவைத்துத் திட்டினாள். அது அவளுடைய உரிமை. அரசி முழுவதையும் கேட்டுக்கொண்டு நின்று, ஸாரி ஆன்ட்டி என்று சொல்லிவிட்டு வந்தாள்.

எல்லாம் மாறிவிட்டது என்று கதை விட மாட்டேன். கதவுகள் இன்னும் அவ்வப்போது அடி வாங்குகின்றன. எங்களிடம் தமிழில் பேசுகிறாளா என்றால், இல்லை. ஹிந்திதான். சண்டை போடும்போது மட்டும் தமிழ் வருகிறது. அதனால் நானும் சண்டையைக் குறைத்துக்கொள்வதில்லை.

நேற்று இரவு சாப்பிடும் நேரத்தில் மதினியின் போன் வந்தது. ஹாஸ்டல் வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் ஏற்கெனவே சொல்லியிருந்தார், மதினி அதைக் காதில் வாங்கவில்லை. வழக்கம்போல ஸ்பீக்கர்.

"அதென்ன வியாதி பாக்கியம்? அட்ஜஸ்ட் பண்ணத் தெரியலன்னா அதுக்கு ஒரு வியாதியா? நாங்கள்லாம் அட்ஜஸ்ட் பண்ணி வாழலையா?"

மதினி வேலையில் இருந்தபோது பாளையங்கோட்டையிலிருந்து தென்காசிக்கு மாற்றல் வந்தது. பஸ்ஸில் போய் வருகிற தூரம்தான். அதற்கே ஒரு மாதம் மெடிக்கல் லீவு போட்டு, பார்க்க வேண்டிய அதிகாரிகளையெல்லாம் பார்த்து, அந்த ஆர்டரை ரத்து செய்யவைத்துவிட்டுத்தான் படுக்கையை விட்டு எழுந்தார். அதை ஞாபகப்படுத்தினேன்.

"அது வேற, இது வேற" என்றார். சற்று நிறுத்தி, "பாவம், பிள்ளைய இப்படி டாக்டர் டாக்டரா... பக்கத்துல இருக்காளா? இருந்தா என்ன, அவளுக்கு என்னத்த வெளங்கப் போவுது. நான் சொல்லுதத கேளு. அந்த சிஸ்டர்ட்ட இன்னும் வேண்டாம்னு நான் சொல்லல..."

என் வீட்டுக்காரர் பதறி, ஸ்பீக்கரை அணைக்கப் போனைப் பிடித்தார். நான் அதன் மேல் என் கையை வைத்துக்கொண்டேன்.

"மதினி, அவ பக்கத்துலதான் இருக்கா. எல்லாம் வெளங்கும். இனிமே அவளப் பத்தின பேச்சை அவகிட்டயே பேசுங்க."

அரசி கையிலிருந்த அப்பளத்தைத் தட்டில் வைத்துவிட்டு, போனுக்கு நேராகக் குனிந்தாள்.

"அத்தை, நான் பாவம்லாம் இல்ல. லீவுக்கு ஒங்க ஊருக்கு வாறேன். லீவு முடிஞ்சதும் எங்க ஊருக்கு வந்துருவேன்."